எதிர்ப்பக்கத்து வக்கீலுக்கு

துபாய்
14 ஜனவரி 2024

அன்புள்ள வதனா,

இந்தக் கடிதத்தை நஜீஹா கையில் கொடுத்தனுப்புகிறேன். நம் பழைய ஆபீஸில் அரபி மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அதே நஜீஹாதான். இப்போது சொந்தக் கம்பெனி வைத்து, மாதம் ஒரு தடவை தோஹா வந்துபோகிறாள். உன் விலாசம் அவளிடம் இத்தனை காலமும் இருந்திருக்கிறது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீ இதை வாங்கிக்கொள்வாயா என்று இப்போது கேட்டபோது, "வாங்கிக்கிடுவா அக்கா. படிப்பாளான்னுதான் தெரியல" என்றாள்.

படிக்காவிட்டாலும் பரவாயில்லை. போன வாரம் அல் சிதருக்குப் போனேன். அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அங்கே சத்தம் நின்றுவிட்டது, வதனா. மின்சாரமும் குடிநீரும் வாங்க அரசு போட்ட இருபது வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எரிவாயுவில் ஓடும் பழைய நிலையம் இனி வேண்டாமாம். அதை இடித்துவிட்டு, சூரிய மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் புது நிலையம் கட்டப்போகிறார்கள். கூட வந்த இளம் என்ஜினியர், இங்கே முதல் தடவையாகவா வருகிறீர்கள் என்று கேட்டான். இது வெறும் மணலாக இருந்தபோதே வந்திருக்கிறேன், கூட ஒரு பெண் வந்தாள், அவள் செருப்பில் ஏறிய மணல் எங்கள் ஆபீஸ் கம்பளத்தில் ஒரு மாதம் கிடந்தது என்றேன். சிரித்தான், பாவம், மரியாதைக்கு.

நாம் இருவரும் சேர்ந்து காகிதத்தில் கட்டிய முதல் நிலையம் அல்லவா. தேராவில் நம் ஆபீஸ் இருந்த அந்த இரண்டாம் மாடி. கீழே மசாலா மொத்த வியாபாரி. நம் ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் கிராம்பு வாசனை ஏறியிருக்கும். லண்டன் ஆபீஸில் பார்சலைப் பிரித்த ஆள் போன் பண்ணி, உள்ளே என்ன வைத்து அனுப்பினீர்கள் என்று கேட்டது நினைவிருக்கிறதா? அப்ராப் படகில் ஏறி பர் துபாய் வங்கிக்குப் போகும்போது நீ ஒரு வரி, நான் ஒரு வரி என்று ஒப்பந்தத்தை உரக்கப் படிப்போம். படகோட்டி நாம் ஏதோ பிரார்த்தனை செய்கிறோம் என்று நினைத்து, கரை வரும்வரை மற்றவர்களைப் பேச விடமாட்டான்.

அல் குசைஸ் வீட்டில் நீ எங்களோடு இருந்த அந்த ஒரு வருடத்தில் என் மகள் ஷ்ருதி "ஆமா" என்பதையே மறந்து உன்னைப் போல "ஓம், ஓம்" என்று பேசினாள். கோயம்புத்தூர் போனபோது உறவுக்காரர்கள் பிள்ளை மந்திரம் சொல்கிறது என்றார்கள். அவளுக்கு இப்போது டொராண்டோவில் வேலை.

உனக்கு எழுத விருப்பமிருந்தால் எழுது.

பத்மா


தோஹா
2 பெப்ரவரி 2024

பத்மா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமோ என்று யோசித்தேன். வேறு எப்படியும் எழுத வரவில்லை.

கடிதத்தைப் படித்தேன். கிராம்பு, அப்ரா, ஷ்ருதி எல்லாம் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் நீங்கள் அல் சிதரை மணலில் தொடங்கி, சத்தம் நின்றதில் முடித்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு கோடைகாலம் இருந்தது. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கட்டுமானக் கம்பெனி நொடித்துப்போன கோடை. நாங்கள், கடன் கொடுத்த வங்கிகளின் வக்கீல்கள். நிலைமையைப் பார்த்துவரச் சொல்லி நீங்கள்தான் என்னை அனுப்பினீர்கள். தொழிலாளர் கேம்ப்பில் கரண்ட் பில் கட்டாததால் ஏ.சி. ஓடவில்லை. மின்நிலையம் கட்டுகிற மனிதர்கள் மின்சாரம் இல்லாமல் வெளியில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். சிவகங்கைப் பக்கத்துப் பொன்னுச்சாமி என்று ஒருவர் தன் போனை என் கையில் தந்தார். மறுபக்கம் அவர் மனைவி. "காசு அனுப்பலன்னா இங்க வேற குடும்பம் வச்சிருக்கேன்னு நெனைக்கிறா மேடம். கம்பெனி சம்பளம் போடலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். அந்தப் பெண் என்னையே யார் என்று கேட்டாள். நான் அவளுக்குச் சொன்ன பதிலை அவள் நம்பவில்லை.

திரும்பி வந்து உங்களிடம் கேட்டது ஒன்றுதான். கடனை நிறுத்துங்கள், ஆனால் அதற்கு முன்னம் சம்பளத்தை மட்டும் நேரே அந்த மனிதர்களின் கைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னீர்கள்: "ஒப்பந்தத்துல அதுக்கு இடமில்ல, வதனா." அன்றைக்கே நோட்டீஸ் போனது. வங்கிகள் கடனை நிறுத்தின. அந்த மனிதர்கள் கோடை முடியும்வரை அப்படியே கிடந்தார்கள்.

அதன் பிறகு எனக்கு அந்த ஆபீஸில் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாடும் இறங்கவில்லை.

நான் இங்கே சுகம். ராஸ் லஃபான் எரிவாயு வேலைகள்தான் கூடுதலாக. வீட்டில் சேதுராமன் அண்ணாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வதனா


துபாய்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள வதனா,

நீ எழுதியது முழுக்க உண்மை. நான் சொன்ன வார்த்தையும் அதுதான். இருந்தாலும் மிச்சத்தையும் சொல்கிறேன்.

அந்தக் கம்பெனிக்கு மேலும் கடன் போயிருந்தால் அது ஒரு ஓட்டைப் பாத்திரத்தில் போயிருக்கும். நிறுத்தியதால்தான் அந்தக் கம்பெனி கொடுத்திருந்த உத்தரவாதப் பணத்தை வங்கிகளால் வசூலிக்க முடிந்தது. அதிலிருந்துதான் புதுக் கம்பெனி வந்தது, பாக்கிச் சம்பளமும் வந்தது. தாமதமாக வந்தது. ஆனால் வந்தது. நீ அதற்குள் போய்விட்டாய். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள் என்ற செய்தியை உன்னிடம் சொல்ல நான் வைத்திருந்தேன். சொல்ல ஆள் இல்லை.

நீ எனக்கு எழுதாததுகூடச் சரி. ஷ்ருதியிடம் சொல்லாமல் போனாயே. வதனாக்கா எங்கே என்று கேட்டாள், லீவில் போயிருக்கிறாள் என்றோம். லீவு எப்போது முடியும் என்று பல மாதம் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

போதும். எழுத ஆரம்பித்தால் இரண்டு பேரும் வக்கீல்கள் ஆகிவிடுகிறோம்.

செய்தி ஒன்று. இவர் போன வருடமே ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூர் போய்விட்டார். நானும் அடுத்த ஜனவரியில் போகிறேன். அதற்கு முன் கடைசியாக ஒரு வேலை. அல் சிதர் இடத்தில் வரும் புது நிலையத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு நான்தான் வக்கீல். இன்று காலை எதிர்ப்பக்கத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. நிலையம் கட்டுகிற கம்பெனியின் வக்கீல் பெயர் வதனா யோகநாதன் என்று போட்டிருந்தது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பத்மா


தோஹா
3 மார்ச் 2024

பத்மா அக்காவுக்கு,

உங்கள் பெயரைப் பார்த்ததும் இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடவா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை. என் ஆபீஸில் உங்களை எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

எதிரெதிரே இருக்கிற இரண்டு வக்கீல்கள் இப்படிக் கடிதம் எழுதிக்கொள்வது சரியில்லை. கையெழுத்தாகும்வரை எழுத வேண்டாம். கூட்டங்களில் நான் உங்களை அக்கா என்று கூப்பிட மாட்டேன். குறை நினைக்க வேண்டாம்.

சம்பளம் வந்தது எனக்குத் தெரியாது. பொன்னுச்சாமிக்கும் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஷ்ருதியைப் பற்றி எழுதியதற்கு இப்போது பதில் எழுத முடியாது.

வதனா


துபாய்
11 நவம்பர் 2024

அன்புள்ள வதனா,

கையெழுத்தாகிவிட்டது. இனி எழுதலாம் அல்லவா?

எட்டு மாதம் உன்னை மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் பார்த்தேன். நெற்றியோரம் கொஞ்சம் நரை. தப்பு கண்டுபிடிக்கும்போது பேனாவால் பல்லைத் தட்டும் பழக்கம் போகவில்லை. நீ தட்ட ஆரம்பித்தால் நான் என் பிரதியை மறுபடி புரட்டுவேன், ஏனென்றால் அந்தப் பழக்கம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. என் பக்கத்துப் பையன்கள், இந்த அம்மா நம்மை விடமாட்டார்கள் போலிருக்கிறதே என்று முணுமுணுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அபுதாபிக் கூட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களின் நான்கு மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும், யார் நொடித்தாலும் கடன் நின்றாலும் அந்தப் பணம் நேரே அவர்கள் கைக்குப் போக வேண்டும் என்று நான் போட்ட சரத்து. அதற்கு வங்கிகளைச் சம்மதிக்க வைக்கவே எனக்குக் கோடை முழுக்கப் போய்விட்டது. ஒரு வங்கிக்காரர், இது எங்கேயும் வழக்கமில்லையே, எதற்காக என்று கேட்டார். பழைய கோடை ஒன்றை அவருக்குச் சொன்னேன்.

அன்று உன் கட்சிக்காரர் சதீஷ்குமார் எல்லார் முன்னாலும் தமிழிலேயே கேட்டார்: "மேடம், இது ப்ராஜெக்ட் ஃபைனான்ஸா, அன்னதானமா?" வெள்ளைக்காரர்கள் என்ன சொன்னார் என்று விழித்தார்கள். நீ கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று எழுந்து, உன் கட்சிக்காரர்களை அழைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாய். எங்கள் டீ ஆறி, மறுபடி கொண்டுவந்து, அதுவும் ஆறியது. திரும்பி வந்து உட்கார்ந்து, "மூன்று மாதம். மற்றபடி சம்மதம்" என்றாய். என்னைப் பார்க்கவில்லை.

அந்த அறையில் என்ன நடந்தது?

கையெழுத்து முடிந்து நீ கைகொடுத்தபோது, முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி என் முழுப்பெயரைச் சொல்லி வாழ்த்தினாய். சரிதான், அதுதான் முறை. ஆனால் காருக்குப் போகும் வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஜனவரிக் கடைசியில் கிளம்புகிறேன். அதற்குள் ஒரு தடவை துபாய் வா.

பத்மா


தோஹா
24 நவம்பர் 2024

அன்புள்ள பத்மா அக்கா,

கட்சிக்காரர் அந்த அறையில் என்ன சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள். நான் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் சரத்தை முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு காலம் கழித்தா என்று. அதற்குப் பிறகு என் வேலையைச் செய்யத் தொடங்கினேன். அதை எதிர்த்து மூன்று பக்கம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அக்கா. நீங்கள் வாசித்திருந்தால் மெச்சியிருப்பீர்கள். முடித்துவிட்டு, எங்கள் பழைய வழக்கப்படி உரக்கப் படித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டேன். "இதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை." உங்கள் வசனம். உங்கள் குரலில்கூட இல்லை, என் குரலில்.

நீங்கள் அன்றைக்கு ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. நானும் அந்த மூன்று பக்கத்தையும் யாருடைய முகத்தையும் நினைக்காமல்தான் எழுதியிருந்தேன். நினைத்திருந்தால் எழுதியிருக்க முடியாது. இத்தனை வருடமும் உங்களில் கோபமாக இருந்தது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. உங்கள் கதிரையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை.

அந்த மூன்று பக்கத்தையும் நான் அபுதாபிக்குக் கொண்டுவரவில்லை. அந்த அறையில் நான் சொன்னது இவ்வளவுதான்: "இதை வெட்டச் சொல்லி என்னால கேக்க ஏலாது. வேணுமெண்டா வேற ஆளைப் போடுங்கோ." புது வக்கீல் வந்து எல்லாவற்றையும் படித்து முடிக்க எவ்வளவு காலம் போகும் என்று அவர்களுக்கே தெரியும். நான்கை மூன்றாக்கியது நான்தான். வெறுங்கையோடு அவர்களை மேஜைக்குத் திருப்பிக் கூட்டிவர முடியாது.

அந்தக் கம்பெனியின் அடுத்த வேலை எனக்கு வராது. ராஸ் லஃபானில் தொடங்கவிருந்ததை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டது.

கைகொடுத்தபோது உங்கள் கை குளிர்ந்திருந்தது. அக்கா என்று வாயில் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வருகிறேன்.

வதனா


கோயம்புத்தூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள வதனா,

வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. பெட்டிகள் இன்னும் கப்பலில். இவர் என்னை விருந்தாளி மாதிரி நடத்துகிறார். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று இவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

நீ வந்த சனிக்கிழமை தேராவில் நாம் அலைந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் கட்டடம் டூரிஸ்டுகளுக்கான ஹோட்டலாகிவிடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இரண்டாம் மாடியைப் பார்க்க வேண்டும் என்றதும் வரவேற்பிலிருந்த பெண் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். நீ கோபத்தில் வெளியே இழுத்து வந்தாய். நம் ஜன்னல் எது என்று வீதியில் நின்று இரண்டு பேரும் சண்டை போட்டோம். நான் சொன்னதுதான் சரி, இடது பக்கத்திலிருந்து மூன்றாவது. கீழே மசாலாக்காரர் முகம்மது ஆசிக் மட்டும் அதே கல்லாவில், நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நாளாச்சே" என்றாரே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

ஷ்ருதியோடு நீ போனில் பேசியபோது நான் வேண்டுமென்றேதான் வெளியே போனேன். என்ன பேசினீர்கள் என்று அவள் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். ஜூலையில் கல்யாணத்துக்கு உன்னை அழைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

இங்கே எல்லாரும் துபாயில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். வக்கீல் என்றால், "கோர்ட்டுக்குப் போவீங்களாக்கும்?" என்கிறார்கள். போகமாட்டேன், ஒப்பந்தம் எழுதுவேன் என்றால், "பத்திரம் எழுதறவங்களாங்க?" என்கிறார்கள். ஆமாங்க என்று சொல்லிவிடுகிறேன். ஒரு விதத்தில் சரிதானே.

யாரிடமும் சொல்லாதே. சிறுவாணித் தண்ணீருக்கு ஈடில்லை என்று இந்த ஊரே பெருமைப்படுகிறது, நானும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தேன். இப்போது அதைக் குடித்தால் நாக்கு வேறு எதையோ தேடுகிறது. நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். அல் சிதர் தண்ணீர். உப்பெடுத்த கடல்நீருக்கு ஒரு தட்டையான ருசி உண்டே, அது. பாதி ஆயுள் அதைத்தானே குடித்திருக்கிறேன்.

உனக்கு வேலை எப்படிப் போகிறது? மறைக்காமல் எழுது.

பத்மா


தோஹா
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

வேலை பரவாயில்லை. ஒரு சின்ன ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவு, மனிதர்கள் நல்லவர்கள். அனேகமாகப் போவேன். ஜன்னல் இடது பக்கத்திலிருந்து நான்காவது. நஜீஹாவிடம் கேட்டேன், அவளும் நான்காவது என்கிறாள்.

போன புதன்கிழமை அல் சிதருக்குப் போனேன். அந்த நிலையத்துக்காக நான் செய்யும் கடைசி வேலை, சில காகிதங்களைச் சரிபார்க்க. பழைய புகைபோக்கி இல்லை. வெட்டவெளியாக இருக்கிறது. கடல் இவ்வளவு கிட்ட இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. முந்தி அந்தக் கட்டடங்கள் மறைத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

அத்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கேம்ப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனவர் பழனிச்சாமி, போர்மன், பெரம்பலூர்க்காரர். அறைகளில் ஏ.சி. ஓடியது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுத மாட்டேன். ஒரு அறைக்கு எட்டுப் பேர், சமையலறைக்கு வரிசை. ஆனால் யாரும் வெளியில் படுக்கவில்லை.

நிழலில் நின்று தண்ணீர் தந்துவிட்டு அவர் கேட்டார்: "மேடம் பேங்க்கா, கம்பெனியா?"

"கம்பெனியின்ட வக்கீல்" என்றேன்.

"பேங்க்குக்குத் தனி வக்கீலா?"

"ஓம், தனி."

தோண்டுகிறவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப எங்களுக்கு யாரு மேடம்?" என்றார். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர் தந்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். பிறகு அந்தச் சரத்தைச் சொன்னேன், வக்கீல் பாஷையில் இல்லாமல். உங்கள் மூன்று மாதச் சம்பளம் தனியாக இருக்கிறது, கம்பெனி விழுந்தாலும் பேங்க் காசை நிறுத்தினாலும் அது உங்கள் கைக்கு வரும், வேறு ஒருவரும் தொட முடியாது. அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் சொல்லச் சொன்னார்.

"இத யாரு போட்டது? நீங்களா?"

"இல்லை. பத்மா எண்டு ஒரு அக்கா. பேங்க் பக்கத்து வக்கீல்."

"பேங்க் வக்கீலா போட்டாங்க?" நம்ப முடியாமல் சிரித்தார். "சரி, அப்ப அவங்கதான் எங்க வக்கீலுன்னு வச்சுக்கறோம். இங்க வருவாங்களா?"

ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை, அக்கா. வருவா என்று சொல்லிவிட்டேன்.

அதனால் ஒருக்கா வந்துபோங்கோ. டிக்கெட்டை நான் எடுக்கிறேன்.

வதனா